கைராசிக்காரர் வீட்டுக்குக் குடிவந்த கடைகள்

டானர்ஸ் ரோவில் இடித்துத் தள்ளப்பட்ட பதினொரு கடைகளில் முதலாவதாக வைத்திலிங்கத்தின் மீன்கடை, ஏழு வருடம் எங்கே இருந்ததோ தெரியாது, ஒரு ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, வெல்பரி நகரத்து சர்ச் ஹில்லில் குணசிங்கத்தார் கட்டியிருந்த ஐந்து அறை வீட்டின் முன்ஹோலில் திரும்ப வந்து நின்றது. தராசும் ஐஸ் பெட்டியும் செதில் ஒட்டிய மரக்குற்றியும் வந்தன. மீன் வெட்டும் கத்தியைத் தொங்கவிடும் ஆணி வந்தது. கடை மூடிய வருடத்து முருகன் கலண்டரும், மாசிமாதத்தில் கிழிக்காமல் விட்டபடியே, அதே ஆணிக்குப் பக்கத்தில் வந்தது. சாரத்தோடு தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிய குணசிங்கத்தார் பாதிப்படியில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இறங்கிய மனைவி பவளராணி, அவரை விலக்கிக்கொண்டு போய், ஐஸ் மேல் கிடந்த அறக்குளாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது.

"புதுமீன்தானப்பா," என்றார் பவளராணி. "வைத்திலிங்கத்துக்குக் கோல் எடுங்கோ. ஐஸ் கரையப்போகுது."

வைத்திலிங்கம் அந்த ஏழு வருடமும் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர். வந்தார், பழைய சாவியைப் போட்டார், அது பணப்பெட்டியைத் திறந்தது, சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார். பத்தரை மணிக்கு வாசலில் ஆறு பேர் வரிசை. சோஃபாவில் மூன்று பேர்.

இந்தச் செய்தி பதினாலாம் நம்பர் பஸ்ஸில் கமலாசனியின் காதுக்கு வந்தபோது அவள் சிரித்தாள். அவள் சிரித்துக் கனகாலம். பக்கத்துச் சீட்டுக்காரி பயந்துபோய் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

கமலாசனிக்கு ஒரு சபதம் இருந்தது. குணசிங்கத்தாரின் வாயிலிருந்து உண்மை வரும்வரைக்கும் மீன் தொடுவதில்லை, அவர் வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை. வல்வெட்டித்துறையில், கடல் மண் காலில் ஒட்டப் பிறந்து வளர்ந்தவள் மீனை விட்டாள் என்றால் அது சோற்றை விட்டதில் பாதி. ஐந்து வருடமாகப் பருப்பையும் கத்தரிக்காயையும் தின்று அவளுக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது, ஆனால் கோபம் மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது.

டானர்ஸ் ரோ என்றால் இன்றைக்கு யாருக்குத் தெரியும். பழைய தோல் ஆலைக்கும் கால்வாய்ப் பாலத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் செங்கல் கடைகளாக நின்ற ஒரு சின்னத் தெரு. மழை பெய்தால் ஒரு கடைக் கூரையிலிருந்து அடுத்த கடைக் கூரைக்கு ஓடி நனையாமல் தெரு முழுக்கப் போகலாம். ஆறாம் நம்பரில் வைத்திலிங்கத்தின் மீன், எட்டில் மன்னாரிலிருந்து வந்த யூட்டின் சலூன், பத்தில் குர்தேவ் சிங் சாவி வெட்டிச் சப்பாத்துத் தைப்பார், பன்னிரண்டில் டோரீன் என்ற வெள்ளைக்காரியின் கம்பளி நூல் கடை, அது அவளுடைய தாய் திறந்தது. பதினாலாம் நம்பர் கமலாசனியும் புருசன் அருளம்பலமும் நடத்திய டெலிபோன் கடை. நாலு பலகைக் கூண்டுகள், நாலு டெலிபோன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, ஒரு கைக்குட்டைப் பெட்டி. கைத்தொலைபேசி எல்லாருடைய சட்டைப்பைக்கும் வந்தபிறகும் சனம் அங்கே வந்தது, ஏனென்றால் வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அழ முடியாது. ஊரில் தாய் செத்த செய்தியை மூன்றாம் நம்பர் கூண்டுக்குள் நின்று கேட்டவர்கள் அந்த நகரத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் வெளியே வரும்போது அருளம்பலம் ஒன்றும் கேட்கமாட்டான், கோப்பையில் பால்தேத்தண்ணி ஊற்றி நீட்டுவான். அவனுக்கு ஒரு இருமல் இருந்தது, பேசத் தொடங்குமுன் இரண்டுதரம் இருமுவான், அதைக் கேட்டாலே பாதித் துக்கம் ஆறும் என்று சனம் சொல்லும்.

குணசிங்கத்தார் எழுபத்தொன்பதில் படிக்கவென்று வந்தவர், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. வியாபாரிகள் சங்கத்துத் தலைவர். தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் கிழிக்காமல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்து, தமிழில் நாலு வரியில் சொல்லி, எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று விரலால் காட்டுவார். இருபத்தைந்து வருடம் அந்த விரல் காட்டிய இடத்தில் தெரு கையெழுத்து வைத்தது. அதனால்தான் கட்டிடக் கம்பனியின் கடிதம் மூன்று பக்கத்தில் வந்தபோதும், டோரீனைத் தவிர்த்து, மற்றப் பத்துப் பேரும் அவருடைய மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"தெருவைத் திருத்தப்போகினம். ஒரு வருசம் வெளியில நிக்கவேணும். பிறகு அவரவர் கடை அவரவருக்கே," என்று வாசித்தார் குணசிங்கத்தார்.

கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. இனி எந்தக் காலத்திலும் உரிமை கோரமாட்டோம் என்பதுதான் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது. ஒரு வருடம் கழித்துப் புதுக் கட்டிடம் கண்ணாடியும் இரும்புமாக எழும்பியபோது அதன் முகப்பில் இருந்தது ஒரேயொரு தமிழ்க்கடை, குணசிங்கத்தாரின் சூப்பர்மார்க்கெட். கேட்டவர்களுக்கு அவர் கையை விரித்தார். "நான் சரியாத்தான் சொன்னனான். நீங்கள் பிழையா விளங்கிட்டியள். மொழிப் பிரச்சினை."

அருளம்பலம் அவருடைய பேச்சை நம்பினான், அதுதான் கொடுமை. இரண்டாவது குளிர்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், இரண்டுதரம் இருமிவிட்டு, "நான் ஒரு மடையன் கமலா. சொன்னது கூட விளங்காத மடையன்," என்றான். நல்ல மனுசன் ஒருவன் தன்னை மடையன் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கமலாசனி செத்தவீட்டுக்குப் பிறகு நூலகத்தில் பகல் வகுப்புக்குப் போய், அகராதியும் கையுமாக ஆங்கிலம் வாசிக்கப் பழகி, அந்தக் கடிதத்தை வரிவரியாக வாசித்து முடித்த அன்றைக்குத்தான் சபதம் எடுத்தாள். கடிதத்தை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாள். அதன்பிறகு தனக்கு வந்த எந்தக் கடிதத்தையும் வேறு யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை.

மீன்கடை வந்த அடுத்த கிழமை யூட்டின் சலூன் குணசிங்கத்தார் வீட்டுக் கீழ்க் குளியலறையில் வந்தது, சுழலும் கதிரையும் இரட்டைக் கண்ணாடியுமாக. அதற்கடுத்த கிழமை குர்தேவ் சிங்கின் சாவிக் கடை அவருடைய படிக்கும் அறையில் வந்தது. கார்த்திகை முடியுமுன் கராஜுக்குள் வீடியோ கசெட் கடை, குசினிக்குப் பக்கத்தில் இடியப்பக் கடை, மாடியில் புடவைக் கடை, என்று ஒன்பது கடைகள் வந்துவிட்டன. வெல்பரிச் சனம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழையை எடுத்துக்கொள்வதுபோல. தபால்காரன் ஒரே வாசலில் ஒன்பது கடைக் கடிதங்களைப் போட்டான். பதினாலாம் நம்பர் பஸ் மேட்டில் ஏறி அந்த வீட்டுக்கு முன்னால் நிற்கத் தொடங்கியது. சர்ச் ஹில் வெள்ளைக்காரர்கள் முதலில் மீன் மணம் என்று முறைப்பாடு எழுதினார்கள், பிறகு தேய்ந்த குதிச் சப்பாத்துகளோடு குர்தேவ் சிங்கிடம் வந்து வரிசையில் நின்றார்கள். வரி அலுவலர் ஒருவர் விசாரணைக்கு வந்து, தலைமயிர் வெட்டிக்கொண்டு போனார். பவளராணி வெள்ளிக்கிழமை விரதக்காரி, ஆனபடியால் வியாழன் பின்னேரமே சாமியறைக்கும் மீன்கடைக்கும் நடுவில் ஒரு திரையை இழுத்துவிடுவார், வைத்திலிங்கம் அன்றைக்குக் கத்தியை மெல்லப் போடுவார். ஐந்து அறை வீட்டில் பதினைந்து வருடம் தனியாகச் சுவரைப் பார்த்திருந்த மனுசிக்கு முகத்தில் இரத்தம் ஏறிவிட்டது.

ஏன் அங்கே வந்தன என்று கோயில் ஐயரிடம் கேட்டார்கள். ஐயர் யோசித்துவிட்டு, இது பூசை போட்டுத் தீர்க்கிற காரியம் இல்லை என்று சொல்லி, ஒரு கட்டு இடியப்பம் வாங்கிக்கொண்டு போனார். யூட்தான் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டு விசயத்தை உடைத்தான். "இதில என்ன யோசிக்கக் கிடக்கு? எல்லாக் கடைக்கும் கைராசி பாத்து முதல் சாமான் வாங்கினது குணமண்ணை. எந்தக் கை தொடங்கி வைச்சதோ அந்தக் கையிட்டத்தான் கடை திரும்பி வரும்."

அது உண்மை. புதுக்கடை திறந்தால் முதல் வியாபாரம் கைராசிக்காரர் கையால் நடக்கவேண்டும் என்பது தெருவின் வழக்கம். குணசிங்கத்தார் தொட்டது துலங்கும் என்று பேர். மீன்கடையில் முதல் மீன் வாங்கியது அவர், சலூனில் முதல் தலை அவருடையது. அவர் வருமுன்னமே திறந்த டோரீன் கடையை விட்டால், தவறிப்போனது ஒரே கடைதான். தொண்ணூற்றி நாலில் டெலிபோன் கடை திறந்த அன்று, நல்லநேரம் பத்து மணி நாற்பது, குணசிங்கத்தாரின் கார் பனியில் கிளம்பவில்லை. வாசலைப் பார்த்தபடி எல்லாரும் நிற்கையில், பக்கத்துக் கடை டோரீன் கையில் பின்னல் ஊசியோடு உள்ளே வந்து, தன் கடை டெலிபோன் செத்துப்போய்விட்டது, தங்கைக்கு ஒரு கோல் எடுக்கலாமா என்று கேட்டு, ஒருவரும் வாய் திறக்குமுன் மூன்றாம் நம்பர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். வெள்ளைக்காரி கை முந்திவிட்டது என்று சனம் மூக்கில் விரல் வைத்தது. அருளம்பலம் மட்டும் சிரித்தான். "அவவும் ஒரு லட்சுமிதானே."

ஆகவே கமலாசனியின் கடை வரவில்லை. மார்கழியும் வந்தது, கடை வரவில்லை. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. கடை திரும்பக் கிடைத்த சந்தோசத்தில் பதினொரு பேரில் ஒன்பது பேர் கடிதத்தை மறந்துவிட்டார்கள். குணசிங்கத்தார் முதல் மாதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தவர், மெல்ல மெல்ல நிமிர்ந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் மீன்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார். சமூகத்துக்காகச் சொந்த வீட்டையே திறந்துவிட்டவர் என்று கீழே போட்டிருந்தார்கள். கமலாசனி அதைத் தானே வாசித்தாள், இரண்டுதரம் வாசித்தாள், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டாள்.

ஒருநாள் வைத்திலிங்கம் ஒரு பொதியோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"விளைமீன் அக்கா. ரண்டு துண்டு. சும்மா எடுங்கோ."

"அவன் உண்மையைச் சொன்னவனோ?"

வைத்திலிங்கம் சப்பாத்தைப் பார்த்தார். "இல்லை. ஆனா அக்கா, மனுசன் எங்களுக்கு இடம் தந்திருக்கிறார்தானே. தைப்பொங்கல் முடியப் பொன்னாடை போடுறதெண்டு சங்கத்தில முடிவு."

"ஆருக்கு?"

"குணமண்ணைக்குத்தான்."

"உம்மட கடையை இடிச்சவனுக்கு நீரே பொன்னாடை போர்த்துவீர். மீனைக் கொண்டுபோம் வைத்திலிங்கம். அதுக்காவது முதுகில ஒரு முள்ளிருக்கு," என்று கதவைச் சாத்தினாள் கமலாசனி.

அந்தக் கிழமைதான் டோரீனின் புதுவருட வாழ்த்து மட்டை வந்தது. வருடாவருடம் வருவதுதான். எண்பத்தெட்டு வயதில் டோரீன் கால்வாய்க் கரை முதியோர் இல்லத்தில் இருந்தாள். நடுங்கிய எழுத்தில் வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி: உங்கள் டெலிபோன்கள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன, எல்லாருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது, நன்றி.

கமலாசனி அடுத்த பஸ்ஸில் போனாள். முதியோர் இல்லத்துக் கண்ணாடி மண்டபத்தில், பூச்சட்டிகளுக்கு நடுவே, அவளுடைய நாலு கூண்டுகளும் நின்றன. பலகையில் அருளம்பலம் பென்சிலால் எழுதிய நேரக்கணக்குகூட அழியவில்லை. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் ஒன்றாம் நம்பரில் நின்று, எழுபத்திநாலில் மூடிய இறைச்சிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைக்கான ஆட்டுத்தொடை சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கத்தில் யாரோ சரி சரி என்றார்கள். ஒரு கிழவி இசைத்தட்டுக் கடையைக் கூப்பிட்டு ஒரு பாட்டைப் போட்டுக்காட்டச் சொல்லி, ரிசீவரைக் காதில் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். பால்கடை, நிலக்கரிக் கடை, தொப்பிக் கடை, வெல்பரியில் மூடிய கடைகள் எல்லாம் அந்த டெலிபோன்களில் திறந்திருந்தன. பக்கத்தில் நின்ற தாதி, போன மாதம் டோரீனுக்குச் சளி பிடித்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்தபோது நாலு கூண்டுகளும் அவளுக்குப் பின்னால் போய் வார்டு நடையில் நின்றதாகவும், வழியை மறித்ததால் பெரிய டாக்டர் ஏசியதாகவும் சொன்னாள்.

கமலாசனிக்கு ஒரு கணம் மனம் இளகியது. தன் கடை நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்று பட்டது. அடுத்த கணமே கண்ணுக்குள் பொன்னாடை வந்தது.

டோரீனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கடிதத்தையும் கைராசியையும் சனிக்கிழமை விழாவையும் சொன்னாள். அந்த ஊரில் பஸ் டிரைவரைக்கூட 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். டோரீன் பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்தாள்.

"அந்த மீசைக்காரர்தானே, லவ்? என்னிடமும் வந்து, எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள், நீங்களும் வையுங்கள் என்றார். என் கண்ணாடி தொலைந்திருந்தது. அம்மாவின் கடை அது." சற்று யோசித்தாள். "நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டால், டெலிபோனுக்கு இவர்களைப் புதன்கிழமைகளில் இல்லத்து வான் வண்டியில் அங்கே கூட்டிவரலாம். சனிக்கிழமைக்கு என் கோட்டை எடுத்து வை. பெட்டியையும் எடுத்து வை, எனக்கு மாற்றுடுப்பு வேண்டும்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குணசிங்கத்தார் வீட்டு ஹோலில், மீன்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே, கல்யாண மாப்பிள்ளை இருக்கும் பெரிய தங்கப்பூச்சுக் கதிரை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். படியெல்லாம் சனம். வைத்திலிங்கம் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். குணசிங்கத்தார் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பேச எழுந்தார்.

அப்போதுதான் வாசலில் முதியோர் இல்லத்து வான் வண்டி வந்து நின்றது. நடைத்தாங்கியைத் தட்டித் தட்டிக்கொண்டு டோரீன் உள்ளே வந்தாள், யாரையும் பார்க்கவில்லை, களைத்துப்போய், காலியாக இருந்த தங்கக் கதிரையில் இருந்துவிட்டாள். அவள் மூச்சு விட்டு முடியுமுன் நாலு கூண்டுகளும் கதிரையைச் சுற்றி வந்து நின்றன. சனம் இடம் விட்டு விலகிக்கொண்டது. கமலாசனி உள்ளே வரவில்லை. திறந்த கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே, பிஸ்கட் டின்னோடு நின்றாள்.

மூன்றாம் நம்பர் டெலிபோன் அடித்தது.

எல்லாரும் குணசிங்கத்தாரைப் பார்த்தார்கள். பழக்கதோசம், அந்தத் தெருவில் எதற்கும் பதில் சொல்வது அவர்தானே. அவர் பொன்னாடையோடு கூண்டுக்குள் போய் எடுத்தார்.

"ஹலோ?"

முகம் வெளுத்தது. வாசலில் நின்றவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவர் இரண்டு நொடி பொறுத்ததைக் கண்டாள். இரண்டு இருமலுக்கான நேரம் அது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

குணசிங்கத்தார் வைத்துவிட்டார். உடனே திரும்ப அடித்தது. எடுத்தார், வைத்தார். இப்போது நாலு டெலிபோனும் சேர்ந்து அடித்தன.

"அந்த ஆளுக்குப் பதில் சொல்லுங்கள், லவ்," என்றாள் டோரீன், கதிரையில் இருந்தபடி.

பவளராணி குசினிவாசலில் நின்று, "என்னவாமப்பா?" என்று கேட்டார்.

"அருளம்பலம்." குணசிங்கத்தார் கூண்டுப் பலகையில் சாய்ந்தார். "அந்தக் கடிதத்தில உண்மையா என்ன எழுதிக் கிடந்ததெண்டு கேக்கிறான்."

"அப்ப சொல்லுங்கோவன்," என்றார் பவளராணி. "எனக்கும் நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

வைத்திலிங்கத்தின் கத்தி நின்றது. யூட் சவர நுரை பூசிய ஒரு முகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றான். மூன்றாவதுதரம் ரிசீவரை எடுத்தபோது குணசிங்கத்தாரின் பொன்னாடை தோளிலிருந்து நழுவியது, அவர் அதைப் பிடிக்கவில்லை.

"அருள்... நீ பிழையா விளங்கேல்லை. நான்தான் மாறி வாசிச்சனான். எனக்கு அந்த முகப்புக் கடை வேணுமெண்டு, தெரிஞ்சுகொண்டுதான் வாசிச்சனான். நீ மடையனில்லை."

வைத்திலிங்கம் குனிந்து, விழுந்து கிடந்த பொன்னாடையை எடுத்து, மீன் குற்றியைத் துடைத்தார்.

கமலாசனி வலதுகாலை எடுத்து வைத்து, புதுப்பெண் போல, வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. பசிதான் வந்தது, ஐந்து வருடத்துப் பசி.

"தங்கச்சி," என்று ரிசீவரை நீட்டினார் குணசிங்கத்தார், கண்ணெல்லாம் கலங்கி. "லைன்ல நிக்கிறான். கதையுங்கோ. எல்லாம் சொல்லிப்போட்டன்."

"நீங்கள் சொன்னது நாலு வரி," என்றாள் கமலாசனி. "எப்பவும் நாலு வரிதானே சொல்லுவியள்." டின்னைத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "முழுக்க வாசியுங்கோ. முதல் வரியில இருந்து, தமிழில. அவருக்கும் கேக்கட்டும், இவைக்கும் கேக்கட்டும். அவரோட கதைக்க எனக்கு நாள் கிடக்கு, கடை இஞ்சதான் இருக்கப்போகுது. டோரீன் பெட்டியோட வந்திருக்கிறா, உங்கட அறையைக் குடுத்திடுங்கோ."

பிறகு மீன்கடைக்குத் திரும்பி, அறக்குளாவில் நடுத்துண்டாக இரண்டு வெட்டச் சொன்னாள். வைத்திலிங்கம் மூன்று வெட்டினார்.

"பவளம் அக்கா, தாச்சி இருக்கோ?"

"எண்ணெய் கொதிச்சிட்டுது, வா," என்றார் பவளராணி.

குசினி மேசையில், குணசிங்கத்தார் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, அவசரப்படாமல் தின்றாள் கமலாசனி. கூண்டுக்குள்ளிருந்து அவர் வாசிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு வரியை விழுங்கப் பார்த்தார், டெலிபோனில் இருமல் கேட்டிருக்கவேண்டும், திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். கடிதம் மூன்று பக்கம். அவர் இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது, கமலாசனி மூன்றாவது துண்டையும் பொரிக்கச் சொன்னாள்.